பால்கனியில் ஒரு பச்சை விரிப்பு

மார்ச் 3, செவ்வாய்

சலவை ஆலைக்குப் புது வாடிக்கை பிடித்திருக்கிறார் முதலாளி. யாரை? குடியேற்றச் சோதனைப் பிரிவை! ஆஸ்பத்திரி விரிப்பு, ஓட்டல் துவாலையோடு இனி நாட்டைக் காக்கும் சிங்கங்களின் சட்டைகளும் நம் கைக்குத்தான் வரும். பழுப்புச் சட்டைகள், மூட்டை மூட்டையாக.

துவைக்கும் முன் பாக்கெட் பார்ப்பது என் வேலை. சிங்கங்களின் பாக்கெட்டில் இன்று கிடைத்தவை: மென்ற சூயிங்கம், பல்குச்சி, சுரண்டிப் பார்த்து ஒன்றும் விழாத லாட்டரிச் சீட்டு. மார்பு முழுக்க சாஸ் கறை. எல்லையைத் தாண்டி எவன் உள்ளே வந்தான் என்று பார்க்கிற ஆட்களுக்குக் கரண்டி வாய்க்குள் போகிறதா என்று பார்க்கத் தெரியவில்லை.

நெட்டைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அக்கா, என்னைப் பிடிக்க வர்றவன் சட்டைக்கு நானே கஞ்சி போடறேன் பாருங்க!"

நெட்டை என் ஜோடி. இஸ்திரி போடும் ரோலர் மெஷினுக்குள் ஈர விரிப்பை விட இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனை பிடித்து, ஒன்றாக உதறி, ஒன்றாக விட வேண்டும். ஒருத்தி முந்தினால் விரிப்பு கோணிக்கொள்ளும். பல வருஷமாக அவள் வலது முனை, நான் இடது முனை. அவளுக்கு இங்கே தங்கும் அனுமதி முடிந்துவிட்டது. நீட்டிக்கச் சொல்லி மனுப் போட்டாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதுவரை சட்டப்படி அவள் யார் என்று எந்த ஆபீஸுக்கும் தெரியாது. தெருவில் பிடித்தால் மட்டும் உடனே தெரிந்துவிடும்.

மார்ச் 6, வெள்ளி

டிவியில் விவாதம். துரை முன்னால் உட்கார்ந்து ரிமோட்டை செங்கோல் மாதிரி பிடித்திருந்தார். துரை என் வீட்டுக்காரர். பெயர் அதுவல்ல, நடப்பு அது. பல மாடிக் கார் பார்க்கிங்கில் காவலாளி. சோதனைப் பிரிவின் வண்டிகள் அங்கே கீழ்த்தளத்தில் நிற்கின்றன. அதனால் தானும் அந்தப் படையில் ஓர் ஆள் என்று நினைப்பு. தினமும் காலையில் அவர்களுக்கு சல்யூட் அடிக்கிறாராம். அவர்கள் திருப்பி அடிக்கிறார்களா என்று கேட்டேன். "வேலை மும்முரத்துல கவனிச்சிருக்க மாட்டாங்க."

டிவியில் ஓர் அதிகாரி சொன்னார்: "நாங்கள் நிறம் பார்த்து யாரையும் நிறுத்துவதில்லை. நியாயமான சந்தேகம் இருந்தால் மட்டுமே." அடடா! எங்கள் தெருவில் அந்த நியாயமான சந்தேகத்துக்கு ஒரே நிறம்தான். மேல்தெருப் பூங்காவில் காலையில் தலைதெறிக்க ஓடுகிறார்களே, கையில் ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல், வேர்த்து விறுவிறுத்து - அவர்கள் மேல் ஏன் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை?

இதைச் சொன்னதும் துரைக்கு வந்தது பார் கோபம். "நாம வரிசையில நின்னு வந்தோம். எத்தனை ஆபீஸ், எத்தனை வருஷம்! எங்கப்பா செத்தப்போ பேப்பர் ஆபீஸ்ல மாட்டிக்கிட்டு ஊருக்குப் போக முடியல. இவங்க பாட்டுக்கு இருந்துட்டுப் போனா, நின்னவன் எல்லாம் கேனையனா?"

அந்த ஒன்று மட்டும் உண்மை. மாமனார் போன அன்று இவர் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது எனக்குத் தெரியும். அதனால் பேசாமல் எழுந்து பாத்திரம் கழுவப் போனேன். ஆனாலும் வரிசையில் அவதிப்பட்டவனுக்கு வரிசை வைத்தவன் மேல்தானே கோபம் வரணும்? பின்னால் நிற்கிறவள் மேல் எப்படி வருகிறது?

மார்ச் 7, சனி

துரை வாசல் கதவில் இந்த நாட்டுத் தேசியக் கொடி ஒட்டியிருக்கிறார். கோணலாக.

மார்ச் 18, புதன்

நேற்று சிங்கங்களின் மூட்டை ஒன்று சிவப்புச் சீட்டோடு வந்தது. "அவசரம். இன்றே வேண்டும்." இன்று காலை சந்தையில் வேட்டை. டிவிக்காரன் கேமராவோடு கூடவே போயிருக்கிறான். சும்மாவா! படம் பிடிக்கும்போது காலர் மடங்கியிருக்கலாமா? பழக்கடைக்காரர், அவரிடம் பழம் வாங்கிக்கொண்டிருந்த பள்ளிக்கூட டீச்சர், மீன் சுத்தம் செய்கிறவர் என்று வண்டியில் அள்ளிப் போட்டார்கள். டீச்சர் பிறந்ததே இந்த ஊர் ஆஸ்பத்திரியில். அவளைச் சாயங்காலம் விட்டுவிட்டார்கள். ஸாரி கூட இல்லை.

மெஷின் பக்கத்தில் நெட்டை என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. போன வாரமும் சிவப்புச் சீட்டு வந்தது, மறுநாளே பஸ் நிலையத்தில் வேட்டை.

இத்தனை ரகசியப் படை, இத்தனை துப்பாக்கி! நாளைக்கு வரப்போகிறோம் என்று சலவைக்காரிக்கு இன்றைக்கே சொல்லி அனுப்புகிறது. கெட்டிக்காரப் பயல்கள்.

மார்ச் 21, சனி

போனில் சொல்ல எல்லோருக்கும் பயம், ஒட்டுக் கேட்கிறார்களாம். அதனால் நெட்டையே ஒரு வழி சொன்னாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் கழித்துப்போட்ட பச்சை விரிப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. சிவப்புச் சீட்டு வந்தால் அதை என் பால்கனியில் தொங்கவிட வேண்டும். எதிர்க் கட்டிடத்தில்தான் நெட்டை, இன்னும் அவள் மாதிரி நாலைந்து குடும்பம். பச்சை தெரிந்தால் மறுநாள் யாரும் வெளியே கால் வைக்கக் கூடாது.

துரையிடம் சொல்லவில்லை. சொன்னால் சட்டம் பேசுவார். சட்டம் பேசினால் எனக்குத் தலைவலி வரும்.

மார்ச் 27, வெள்ளி

இரண்டாவது முறையும் பலித்தது. படை வந்தது, தெருவில் நாயும் காற்றும்தான். ஒரு சிங்கம் அரைமணி நேரம் பஸ் நிறுத்தத்தில் நின்று கொட்டாவி விட்டதாம். நானே போட்ட கஞ்சி வீணாய்ப் போனது.

ஏப்ரல் 8, புதன்

சிவப்புச் சீட்டு வந்தது. இன்று பார்த்து நெட்டைக்கு வார விடுமுறை.

காலையிலேயே துரை தன் காவலாளிச் சட்டையை என் பையில் திணித்திருந்தார். "அவங்க சட்டையோட சேர்த்துப் போட்டு எடுத்துட்டு வா. அதே மொடமொடப்பு வேணும்." சரி, ஆசைப்படுகிறார், போகட்டும் என்று சேர்த்துப் போட்டேன். அவசரச் சட்டைகளை முதலில் உலர்த்தி அனுப்பியதில் இவருடையது சாயங்காலம் காயவில்லை. நாளைக்குத்தான் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பச்சையைத் தொங்கவிட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து எப்படி வருதோ வரட்டும்.

காலை ஷிஃப்டுக்கு நெட்டை வரவில்லை, பச்சையைப் பார்த்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். நடுவில் துரை சட்டையை மடிக்க எடுத்தேன். பாக்கெட்டில் கெட்டியாக ஏதோ. அவருடைய குடியுரிமை அட்டை. கழுதை மாதிரி ஊரான் பாக்கெட்டை எல்லாம் பார்த்தேனே, சொந்தப் புருஷன் பாக்கெட்டைப் பார்த்தேனா? எழுத்தெல்லாம் போய்விட்டது. முகம் இருந்த இடம் வெள்ளை. இத்தனை வருஷமாக ஆசைப்பட்டார், ஒருவழியாக வெள்ளையாகிவிட்டார் என்று சிரித்தேன். சிரித்து வாய் மூடவில்லை, போன் வந்தது. உங்க புருஷனைப் பிடித்து வைத்திருக்கிறோம், ஆதாரம் கொண்டு வாங்க.

அலமாரியிலிருந்து பாஸ்போர்ட்டை எடுக்க வீட்டுக்கு ஓடினேன். பால்கனியில் பச்சை இல்லை. மடித்து நாற்காலி மேல் வைத்திருந்தது.

சோதனைப் பிரிவு ஆபீஸில் மேஜைக்குப் பின்னால் ஒரு சின்ன வயசு சிங்கம். நேற்று நான் இஸ்திரி போட்ட காலர்.

"எதுக்குப் புடிச்சீங்க?"

"பார்க்க அப்படி இருந்தார்."

"எப்படி?"

என்னை மேலும் கீழும் பார்த்தான். "அப்படித்தான்."

துரை வெளியே வந்தார். சீருடை இல்லாமல் கோடு போட்ட பழைய சட்டையில் பாதியாகத் தெரிந்தார். வழியெல்லாம் வாய் ஓயவில்லை. "சின்னக் குழப்பம்தான். அவங்க கடமையை அவங்க செய்றாங்க. நான்தான் ஷேவ் பண்ணாம போயிட்டேன்." குப்புற விழுந்தாராம், மீசையில் மண் ஒட்டவில்லையாம்.

"பச்சை விரிப்பை யார் எடுத்தது?"

"நான்தான். நேத்து நீ சமையல்ல இருந்தப்பவே எடுத்துட்டேன். பால்கனில ஆஸ்பத்திரித் துணியைப் போட்டா ஹவுஸ் ஓனர் என்ன நினைப்பார்? நாலு பேர் மாதிரி கௌரவமா இருக்க வேணாமா?"

நெட்டை வீட்டுக் கதவைத் தட்டினேன். பூட்டியிருக்கிறது.

ஏப்ரல் 10, வெள்ளி

நெட்டை இன்றும் வேலைக்கு வரவில்லை.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற சாவிக்கடைக்காரர் சொன்னார். அவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். "முதல்ல உங்க வீட்டுக்காரரைத்தான் புடிச்சாங்க. அந்த உசரமான பொண்ணு ரோட்டுக்கு அந்தாண்டை இருந்துச்சும்மா. அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். குறுக்க ஓடி வந்து, 'இவர் எங்க அக்கா வீட்டுக்காரர், இவருக்கு எல்லா பேப்பரும் இருக்கு, விடுங்க'ன்னுச்சு. அவருக்கு இருக்கட்டும், உன்னோடது எங்கேன்னு கேட்டாங்க."

வீட்டுக்கு வந்தேன். துரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தொண்டையில் இறங்கியது அவருக்கு, அதுதான் ஆச்சரியம்.

"நெட்டை உங்களுக்காக வந்து பேசினாளா?"

தட்டைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

"வண்டியில உங்க பக்கத்துலதான் உக்கார வச்சாங்களா?"

"ம்."

"இவளை உனக்குத் தெரியுமான்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"தெரியாதுன்னு நான் சொல்லல. ஒண்ணுமே சொல்லல."

ஒண்ணுமே சொல்லலையாம்! டிவி முன்னால உக்காந்தா ஊர் உலகத்துக்கே தீர்ப்பு எழுதுற வாய். நம்ம வீட்டு டீயைக் குடிச்சிட்டு அண்ணா அண்ணான்னு பேசின பொண்ணுக்கு ஒரு வார்த்தை வரல. கத்தினேன். பச்சை விரிப்பு எதற்கு என்பதையும் சொல்லிவிட்டேன். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"என்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா எடுத்திருக்க மாட்டேனே," என்றார்.

"சொல்லியிருந்தா அவங்களுக்கு போன் போட்டிருப்பீங்க."

மாட்டேன் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

சூப்பர்வைசர் புது ஜோடி கொடுத்தார். சின்னப் பெண், பாவம், முந்தி விடுகிறாள். விரிப்பெல்லாம் கோணல். பழக்கதோஷத்தில் "நெட்டை, இழு" என்றேன். அவள் குள்ளம்.

ஏப்ரல் 24, வெள்ளி

சிங்கங்கள் வாடிக்கையை வேறு ஆலைக்கு மாற்றிவிட்டார்கள். மொடமொடப்பு போதவில்லையாம்! காரணம் அதுதானா, மோப்பம் பிடித்துவிட்டார்களா, தெரியவில்லை. இனி சிவப்புச் சீட்டு கிடையாது. எப்போது வருவார்கள் என்று இனி யாருக்கும் தெரியாது. எதிர்க் கட்டிடத்துப் பெண்கள் என் பால்கனியை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் படியிறங்குகிறார்கள். அது சும்மா இருக்கிறது. சும்மா இருந்தால் பயமில்லை என்று நினைத்துவிடுவார்களோ?

மே 2, சனி

துரை இப்போது டிவி போடுவதில்லை. கதவில் கொடி இருக்கிறது. அட்டைக்கு மனுப் போட்டிருக்கிறார், புது அட்டை வர வரிசையாம். நன்றாக நிற்கட்டும்.

மே 8, வெள்ளி

நெட்டையை விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். ஏறும் முன் யாரிடமோ போன் வாங்கிப் பேசினாள். ஒரு நிமிஷம் இருக்குமா? "அக்கா, வீட்டு சாவி கீழ் வீட்டுல இருக்கு. தொட்டிச் செடிக்குத் தண்ணி ஊத்துங்க. அண்ணனை விட்டுட்டாங்கல்ல?"

விட்டாச்சு என்றேன். "அது போதும்க்கா" என்றாள். எனக்குப் போதவில்லை. போனை வைத்துவிட்டு அழுதேன், துரை காதில் விழுகிற மாதிரியே அழுதேன். இந்த வீட்டில் இனி யாரும் குழாயைத் திறந்துவிட்டு அழ வேண்டாம்.

இவள் போய்விட்டாள், இனி நாடு பத்திரமாக இருக்கும். விரிப்பெல்லாம் கோணலாக இருக்கும், அவ்வளவுதான்.

மே 21, வியாழன்

வேலை முடிந்து தெருமுனை திரும்பும்போதே பார்த்தேன். எங்கள் பால்கனியில் பச்சை.

மாடிப்படி எப்படி ஏறினேனோ தெரியாது. துரை மொடமொடச் சீருடையோடு பால்கனியில் நின்று விரிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, என்ன இது?"

"கீழ்த்தளத்துல எல்லா வண்டியையும் வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி நிறுத்தச் சொல்லிட்டாங்க. எண்ணெயும் ரொப்பியாச்சு." என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "நாளைக்குக் காலைலன்னு நினைக்கிறேன்."

"ஹவுஸ் ஓனர் பார்த்தா?"

"பார்க்கட்டும்."

மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டாலும் அது போய்ச் சேர வேண்டியவள் இங்கே இல்லை. அதைச் சொல்ல வாய் திறந்தேன், விரிப்பைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். துரைக்கு எந்த வேலை ஒழுங்காக வந்தது, இது வர? ஒரு முனை கம்பியில், மறுமுனை நான் கொண்டுவந்து வைத்திருக்கும் நெட்டையின் செடித்தொட்டி மேல். இந்த லட்சணத்தில் போட்டால் எதிர்க் கட்டிடத்துக்கு என்ன தெரியும்?

இடது முனையை நான் பிடித்துக்கொண்டேன். "வலது பக்கம் நீங்க பிடிங்க. நான் சொல்றப்ப உதறணும். முந்தக் கூடாது."

முந்தினார். திரும்பவும் உதறச் சொன்னேன்.

கம்பியில் போட்டுக் கிளிப் மாட்டினோம். எதிர்க் கட்டிடத்தில் யாரோ பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள்.