சிந்தாமல் ஊற்றிய கறுப்பெண்ணெய்

அண்ணே,

இன்று காலை ஈப்போவில் உன் சாவைப் பதியப் போனேன். அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு வண்டிப் பட்டறை. எவனோ லாரி எஞ்சினிலிருந்து பழைய எண்ணெயை இறக்கிக்கொண்டிருந்தான். அந்தக் கருகல் நாற்றம் மூக்கில் ஏறியதும் கால் நகரவில்லை. உன்னைப் புதைத்த அன்று வராத அழுகை அங்கே, நடைபாதையில் வந்து தொலைத்தது.

உன் சட்டையில் எப்போதும் அதே நாற்றம்தான். பீடோர் டவுன் பட்டறைகள் கழித்துப்போட்ட எண்ணெயை என் பழைய சேலையில் வடிகட்டி, டீசல் கலந்து, அதிலேயே மலைக்குக் காய்கறி லாரி ஓட்டுவாய். பெரிய டேங்கில் அந்தக் கறுப்பெண்ணெய், சின்ன டேங்கில் சுத்தமான டீசல். மேலே குளிரில் எஞ்சினை நிறுத்துவதற்கு முன் சின்ன டேங்குக்கு மாற்றி, குழாயில் இருப்பதை ஓட்டித் தீர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் கறுப்பெண்ணெய் உள்ளேயே கெட்டிப்பட்டு வண்டி கிளம்பாது. நீ ஒருநாளும் மறந்ததில்லை, அந்த ஒரு விடியலைத் தவிர.

அது எண்பதுகளின் தொடக்கம். கள்ளுக்கடையில் வைத்து என் புருஷனின் பல்லை நீ உடைத்தாய். அவன் வீட்டுக்கு வந்து என் தலையைக் குசினிச் சுவரில் மோதினான். வட்டியும் முதலுமாக எனக்குத்தான் கிடைத்தது. நீயும் லேசுப்பட்டவன் இல்லை, அண்ணே. அடிதடிதான் உனக்குத் தெரிந்த பேச்சு. ஆனால் அன்றைக்கு எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

விடிவதற்குள் எஸ்டேட் லயத்திலிருந்து என்னை லாரியில் ஏற்றினாய். "மேல தேயிலத் தோட்டத்துல அத்த வீடு இருக்கு. அங்க வந்து எவன் கைய வைக்கிறான்னு பாத்துருவோம் லா."

மலை வளைவுகளில் நான் வாந்தி எடுத்தேன். அதில் ரத்தத்தைப் பார்த்துப் பதறி வண்டியை நிறுத்தினாய். என்னைச் சீட்டில் கிடத்தி, சாக்கைப் போர்த்தி, முகம் துடைத்தாய். டேங்கை மாற்ற மறந்துபோனாய்.

நான் கண் விழித்தபோது எங்கும் பனிமூட்டம். சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். எஞ்சின் இருமியது, அவ்வளவுதான்.

"சுசா லா, பாப்பா, கஷ்டந்தான். எண்ண கட்டிப் போச்சு."

காய்கறிப் பெட்டிகளை உடைத்துத் தீ மூட்டி, மண்ணெண்ணெய் டின்னில் கறுப்பெண்ணெயைச் சுட வைத்தாய். சூடாக ஃபில்டரில் ஊற்றினால் உறைந்தது இளகும். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தபோதுதான் அவனுடைய மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மலைக்கு இருந்தது அந்த ஒரே ரோடு.

அவன் கையில் பாராங் கத்தி. "எறங்குடி! இல்ல, ரெண்டு பேரையும் இங்கயே வெட்டுவேன்!" என்று என் முடியைப் பிடித்துக் கீழே இழுத்தான். நீ நடுவில் பாய்ந்தாய். வெட்டு உன் வலக்கையில் விழுந்தது. சதை பிளந்து எலும்பு தெரிந்தது. இடக்கையில் சாக்கைச் சுற்றி, டின்னைத் தூக்கி, அவன் மேல் வீசி ஊற்றினாய்.

அவன் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. இனித்தது என்று சொல்லமாட்டேன். கசக்கவும் இல்லை.

பாதி எண்ணெய் அவன் மேல். மீதி டின்னில். சாக்கு தீயில் விழுந்து எரிந்தது. நீ வெட்டுப்பட்ட கையை மார்போடு இறுக்கிக்கொண்டு, எஞ்சின் மூடியைத் திறந்தாய்.

"மிச்சத்த ஊத்து, பாப்பா. சிந்தாத. இதுதான் இருக்கு."

வெறுங்கையால் தூக்கினேன். தோல் டின்னோடு ஒட்டிக்கொண்டது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. வண்டி கரும்புகை கக்கிக் கிளம்பியது.

அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அதன்பிறகு என் வாசலை மிதிக்கவில்லை. நீ ஜெயிலுக்குப் போய் வந்தாய், இரண்டு விரல் மடங்காமல்.

இன்று பதிவு அலுவலகத்துப் பெண் என் பெருவிரலை இயந்திரத்தில் வைக்கச் சொன்னாள். வைத்தேன். துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தேன்.

"ரேகையே விழல லா, ஆன்ட்டி. அந்தக் கைய வைங்க."

அதுவும் அப்படித்தான், அண்ணே. இரண்டு கையாலும்தானே தூக்கினேன்.