தோள்பட்டைக் கேஸ் முடிந்தது

மாதா துணை

கரங்கான்,
14.8.1982

அன்பு மகள் செலஸ்டினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே வலது தோள் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சுகம், இங்கிலாந்துக் குளிரில் உனக்குத் தலைமுதல் கால்வரை சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

முந்தின வருஷம் தோட்டத்தில் காலரா ஊசி போட்டார்களே, ஆஸ்பத்திரி டிரசர் பக்கிரிசாமி பினாங்கு குதிரைப் பந்தயத்துக்குப் பஸ் பிடிக்கிற அவசரத்தில் எனக்கு மட்டும் தோள் மூட்டிலேயே இறக்கிவிட்டார், அன்றைக்கு நின்ற கை இன்னும் மேலே ஏறவில்லை, அந்த நட்ட ஈட்டுக் கேஸ் ஒருவழியாக முடிந்தது. நீயும் நர்ஸாக ஊசி போடுகிறவள், பார்த்துப் போடு. கோயிலில் இடது கையால் சிலுவை போடுகிறேன், பாதர் முறைக்கிறார். பக்கத்து வீட்டு இருளப்பன் அண்ணன், என்ன கிராணி, ஆபீஸில் கணக்கு எழுதுகிற கையை பஸ்ஸை நிறுத்தக்கூடத் தூக்க மாட்டியா, அவ்வளவு கிராக்கியா லா என்கிறார். சட்டையைக் கட்டிலில் விரித்து வைத்து நானே அதற்குள் புகுந்து எழுவேன், பார்க்க ஆளில்லாதது ஒரு வசதி.

முடிந்த விதத்தைக் கேள். தோட்டக் கம்பெனி டாக்டர் என்னைச் சோதிக்கக் கூப்பிட்டார். சட்டையோடு நான் மல்லுக்கட்டியதைப் பார்த்துவிட்டு, வீட்டில் யார் உடுத்திவிடுவது, யார் தலை சீவிவிடுவது என்றார். சீவ அங்கே என்ன இருக்கிறது என்று சிரித்துவிட்டு வந்திருக்கலாம். அம்மா போனபின் வீட்டில் யாருமில்லை என்று அந்நிய மனுஷனிடம் சொல்ல வாய் வரவில்லை, மகள் இருக்கிறாள் டாக்டர், எல்லாம் அவள்தான் என்றேன். அதோடு விட்டேனா, நீ தைலம் தேய்ப்பதையும் பட்டன் போடும்போது என்னைத் திட்டுவதையும் அரைமணி நேரம் அளந்தேன். அத்தனையும் எழுதிக்கொண்டார்.

ரிப்போர்ட்டைப் படித்த நம் லாயர் பரஞ்சோதி தலையில் கை வைத்துக்கொண்டார், அவரால் முடிகிறது. எனக்கு உதவிக்கு ஆள் வைக்கக் கேட்ட தொகையை, மகள்தான் இருக்கிறாளே என்று கம்பெனி வெட்டிவிட்டதாம், மொத்தத்தில் பாதி அதுதான். மகள் மூன்று வருஷமாய் இங்கிலாந்தில், வீட்டில் நான் தனி என்று ஒரு சத்தியக் கடதாசி அடித்து நீட்டினார். இதில் கையெழுத்துப் போடும், மகளிடமும் எழுதி வாங்கிவிடலாம், முழுசும் வரும் என்றார். இரண்டு தரம் படித்தேன். ஒரு வரி பொய்யில்லை. பேனாவைக்கூடத் திறந்தேன். முடியவில்லை அம்மா. பாதித் தொகைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். உமக்குப் பைத்தியமா லா என்று அவர் கத்தியது படிக்கட்டு முடிகிறவரை கேட்டது.

வேலை வேலை என்று சாப்பிடாமல் கிடக்காதே, ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே இறங்காதே. மாதா உன் கூடவே இருந்து காக்கட்டும். ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், லாயர் முந்திக்கொண்டு உனக்கும் கடிதம் போட்டிருப்பார், நீ இங்கே இல்லை என்று எழுதித் தரச்சொல்லிக் கேட்டிருப்பார். அவருக்குப் பதில் போட வேண்டாம்.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
ஜெரார்ட்