மகன் இல்லை என்று எழுதாத மனு

பெரியம்மா,

இன்று பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு முதியோர் பென்ஷன் மனுவில் கைநாட்டு வைக்க மைப்பெட்டியைத் திறந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்தது. கூடவே கோபமும் வந்தது. இத்தனை வருஷமாகியும் அது ஆறவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஜலகண்டாபுரத்தில் ஒரே தறிப்பட்டறையில் நீங்கள் ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றினீர்கள், நான் தறி ஓட்டினேன். லாரியில் கிளீனராகப் போன உங்கள் மகனிடமிருந்து வருஷக்கணக்காக ஒரு கடுதாசியும் இல்லை. கண் மங்கி இழை தெரியாமல் போனதும் உங்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பத்தாவது படித்தவள் என்ற மிதப்பில் பென்ஷன் மனுவை நானே எழுதினேன். பிள்ளை இருந்தால் கிடைக்காது என்று கேள்விப்பட்டு, உங்களைக் கேட்காமலேயே 'எனக்கு மகன் இல்லை' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

ரேகை வைக்கும் முன் படித்துக் காட்டச் சொன்னீர்கள். அந்த வரி வந்ததும் கையை இழுத்துக்கொண்டீர்கள்.

"ஏங்கண்ணு, அவன் இல்லீன்னு நானே சொல்றதா? அப்புறம் அந்தக் கஞ்சி எனக்கு எறங்குமா? அடிச்சுப்போடு சாமி."

அடித்துவிட்டு உள்ளபடி எழுதினேன். தாலுகா ஆபீசில் அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மகன் இருக்கான்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்புறம் எப்படி ஆதரவில்லாதவங்க ஆவீங்க?"

"அவன் எங்க இருக்கான்னே தெரியலீங்க. சோத்துக்கு வழியில்லீங்க," என்றீர்கள்.

"அப்போ செத்துட்டான்னு சர்டிபிகேட் கொண்டாங்க. இது கவர்மென்ட் பார்த்துச் செய்யற உதவிம்மா. உரிமைன்னு யாரும் கேக்க முடியாது."

நீங்கள் அவருக்கும் ஒரு கும்பிடு போட்டு, "வாரேனுங்க" என்று படியிறங்கினீர்கள்.

பிற்பாடு ஒரு வக்கீல் சொல்லித் தெரிந்துகொண்டேன். வயதானவர்களுக்கு அரசு உதவ வேண்டும் என்று அரசியல் சாசனத்திலேயே இருக்கிறதாம். அதைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போக முடியாது என்றும் அதிலேயே இருக்கிறதாம். வாக்குக் கொடுக்கும்போதே நழுவிப்போக வழி வைத்துக்கொண்டவர்களை என்னவென்று சொல்வது? வரி கேட்கும்போது மட்டும், முடிந்தால் கொடு என்று நம்மிடம் யாரும் சொன்னதில்லை.

பட்டறைப் பெண்கள் ஆளுக்கொரு வேளை உங்களுக்குச் சோறு போட்டோம். ஓர் ஐப்பசி மழையில் காய்ச்சலோடு போய்விட்டீர்கள்.

அதன்பின் எத்தனையோ பேருக்கு மனு எழுதிவிட்டேன். பிள்ளை கைவிட்ட தாய்மாரும் மகன் இல்லை என்றே எழுதச் சொல்கிறார்கள். எழுதித் தருகிறேன். அந்தப் பொய்க்கு நான் வெட்கப்படுவதில்லை. பெற்ற மகனை இல்லை என்று சொன்னால்தான் கஞ்சி என்று விதி போட்டவர்கள் வெட்கப்படட்டும்.

நீங்கள் போன மறுமாதம், உங்கள் பெயரும் மகன் பெயரும் இருந்த ரேஷன் கார்டில் உங்கள் பெயரை நீக்கக் கடைக்குப் போனேன். "ரெண்டு பேரையும் அடிச்சரலாமுங்களா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"அம்மா பேரை மட்டும் அடிங்க," என்றேன்.

கார்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, பெரியம்மா. உங்கள் மகன் பெயரை யாரும் அடிக்கவில்லை.