பெரிய லேத்துக்குத் தோண்டிய குழி

பிப்ரவரி 9, திங்கள்

பம்புக்குள் செருகக் கடைந்து கொடுத்த புஷ் வளையம் ரெண்டும் திரும்பி வந்துவிட்டது. பம்பு ரிப்பேர்க்காரர் மேசை மேல் வைத்துவிட்டு, "அண்ணே, ஒரு முனை உள்ள போகுது, மறு முனை போக மாட்டேங்குது. கோவிச்சுக்காதீங்க" என்றார். என் வீட்டுக்காரர் கோவித்துக்கொள்ளவில்லை. கோவித்தால்கூடத் தேவலை. கையில் உருட்டிப் பார்த்துவிட்டுக் கழிவுக் கூடையில் போட்டார்.

இரும்பு கடைகிற லேத்தின் பெட் தேய்ந்துவிட்டது. டூல் போய் வருகிற அந்த நீள இரும்புதான் பெட். அது ஒரு பக்கம் பள்ளமாகிப் போச்சு. எவ்வளவு நிதானமாகக் கடைந்தாலும் ஒரு முனை பெருத்துத்தான் வரும். பையன் எப்போதோ சொன்னான், "அம்மா, இது லேத் இல்ல, உருளைக்கிழங்கு சீவுற மெஷின்."

புது லேத்துக்கென்று அவன் சேர்த்து வைத்தது அப்படியே இருக்கிறது. வேறு எதற்கும் தொட எங்கள் யாருக்கும் மனசு வரவில்லை. போன மழைக்காலத்தில் அவன் போனான். லாரி. அதற்கு மேல் எழுத வரவில்லை.

பிப்ரவரி 11, புதன்

பட்டறை முன்னால், வீடு பின்னால். எங்களுக்குத் தனி வாசல் கிடையாது. தெருவுக்குப் போவதென்றால் லேத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். குப்பை கொட்டப் போனாலும் அவன் நின்ற இடத்தைத் தாண்டு. தண்ணீர் பிடிக்கப் போனாலும் தாண்டு. திரும்பி வந்தாலும் தாண்டு. அதனால் நான் வெளியே போவதையே குறைத்துக்கொண்டேன். உள்ளே இருந்தால் சுவர். வெளியே போனால் அது. எங்கே போய் முட்டிக்கொள்ள?

இப்போது அந்த இடத்தில் மருமகள் நிற்கிறாள். அவனுடைய தொப்பிக்குள் முடியைச் சுருட்டித் திணித்துக்கொண்டு. கல்யாணமான புதிதில் அவன்தான் பழக்கிவிட்டான். அப்போது நான் திட்டினேன், பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கடா இந்தக் கரி வேலை என்று. இன்று பட்டறை ஓடுவது அவள் கையால்தான். இவர் அளந்து பார்ப்பதோடு சரி. மெஷினைத் தொடுவதே இல்லை.

பிப்ரவரி 14, சனி

இவர் கடையில் ஒரு சின்ன லேத் பார்த்துவிட்டு வந்தார். புதுசு, பச்சை பெயின்ட். பையன் பார்த்து வைத்த பெரிய லேத்தின் விலையில் பாதிகூட இல்லையாம்.

"கனமா கடைஞ்சா நடுங்குமாம். மெதுவாக் கடைஞ்சாப் போச்சு" என்றார்.

"எத்தனை நாளைக்கு வரும்?"

"அஞ்சு வருஷம் வந்தாப் போதும் எனக்கு. அது தகர டப்பா, நானும் தகர டப்பா. ஜோடிப் பொருத்தம் பிரமாதம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

அஞ்சு வருஷமாம். அப்புறம்? ஷட்டரை இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதா? பெரியது ஒரு தலைமுறைக்கு அசையாதென்று அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். சின்னதை வாங்கினால், இந்த வீட்டில் இனி யாரும் இல்லை என்று நாமே போர்டு எழுதி மாட்டின மாதிரி. நான் விடமாட்டேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

மூன்று பேரும் மெஷின் விற்கிற இடத்துக்குப் போனோம். கடைக்காரர் பெரிய உடம்பு, பெரிய தொண்டை. ரெண்டு வகையும் அவரிடம் இருந்தது. பெரிய லேத்தை ஓடவிட்டு, அதன் தலைமேல் ஒரு காசை நெட்டுக்குத்தலாக நிறுத்தினார். நின்றது. மெஷின் ஓடுகிறது, காசு நிற்கிறது. அப்புறம் சின்னதன் மேல் நிறுத்தினார். காசு உருண்டு ஓடிப் பெட்டிக்கு அடியில் புகுந்துகொண்டது.

"வாடகை கேட்டா ஓடுற ஆள் மாதிரி" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

"ஆனா ஒண்ணும்மா, பெரியது யானை. தரையை உடைச்சு, குழி எடுத்து, காங்கிரீட் போட்டு, போல்ட் இறக்கி உட்கார வைக்கணும். உட்கார்ந்துட்டா நீங்களும் கிளப்ப முடியாது, நானும் கிளப்ப முடியாது."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. ஒன்றாவது கிளம்பாமல் இருக்கட்டுமே.

மருமகள் பெரியதன் கைப்பிடியை ஒரு விரலால் சுற்றிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு சுற்றினாள். துணியில் கையைத் துடைத்துவிட்டு மறுபடியும் சுற்றினாள். இவர் கேட்டார், "எதும்மா உனக்குப் பிடிச்சிருக்கு?"

"சின்னதே போதும் மாமா."

பஸ்ஸில் நான் அவளோடு பேசவில்லை. கையில் ஆசையை வைத்துக்கொண்டு வாயால் வேண்டாம் என்கிறாள். அவன் ஆசைப்பட்டது இவளுக்குத் தெரியாதா?

பிப்ரவரி 18, புதன்

சோப்பில் இரும்புப் பிசிறு. அவள் கை கழுவினது. எடுத்துப் போட்டுவிட்டுக் குளித்தேன்.

பிப்ரவரி 23, திங்கள்

செய்துவிட்டேன். இவர் இரும்பு வாங்கப் போன நேரத்தில் போய் பெரியதற்கு முன்பணம் கொடுத்தேன். வருகிற வழியில் கொத்தனாரையும் பார்த்தேன். நாளைக்கே குழி எடுக்கச் சொல்லிவிட்டேன். குழி வெட்டிவிட்டால் அப்புறம் யார் மறுக்க முடியும்? தகர டப்பாவுக்கு யாரும் குழி வெட்டுவதில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

கொத்தனார் தரையை உடைக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கே விளங்கியது. பழைய லேத் இடது பக்கம். பெரியது உட்கார வலது பக்கம் மட்டும்தான் இடம். வலது பக்கம்தான் நாங்கள் நடக்கிற வழி.

"ஏம்மா, மெஷின் வந்தா ஒருக்களிச்சுதான் போகணும் போலிருக்கே" என்றார் கொத்தனார். "சாமான் ஏதும் கொண்டு வரணும்னா வீட்டுக் கூரையைப் பிரிச்சுதான் இறக்கணும்."

"நீங்க வெட்டுங்க" என்றேன்.

இவர் வந்து பார்த்தார். "யாரைக் கேட்டு?"

"என் புள்ளையைக் கேட்டு."

அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்கக் கூடாது. கத்துவார் என்று நின்றேன். கத்தவில்லை. டேப்பை எடுத்துக் குழியின் நாலு பக்கமும் அளந்தார். "இந்த மூலை கோணல்" என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 26, வியாழன்

குழி மேல் ஒரு மரப்பலகை. மூன்று பேரும் அதன் மேல்தான் போய் வருகிறோம். ஒருவர் வந்தால் மற்றவர் நிற்க வேண்டும். குழிக்குள் பார்க்காமல் நடக்கப் பழகிவிட்டேன். இவர் தெருவுக்கே போவதில்லை.

காங்கிரீட் போட அடுத்த வாரம் வருகிறேன் என்றார் கொத்தனார்.

மார்ச் 1, ஞாயிறு

கை ஓடவில்லை. இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

காலையில் மருமகள் தண்ணீர் வாளியோடு வந்தவள் பலகை நடுவில் நின்றுவிட்டாள். நான் இந்தப் பக்கம் நிற்கிறேன். "வா" என்கிறேன், வரவில்லை. "அப்ப பின்னால போ, நான் வரேன்" என்கிறேன், போகவுமில்லை. பலகை ஆடுகிறது, வாளித் தண்ணீர் தளும்பிக் குழிக்குள் விழுகிறது.

"என்னடி, மயக்கமா?"

"அத்தை, இதுல மெஷின் இறங்கிட்டா அப்புறம் நான் கேக்கவே முடியாது."

"எதைக் கேக்க?"

"போறேன்னு."

எனக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

அவளுடைய அக்கா வீட்டை ஒட்டி ஒரு பழைய குடோன் காலியாக இருக்கிறதாம். அக்கம்பக்கத்தில் லேத் வேலைக்கு ஆளே இல்லையாம். சின்ன மெஷின் வாங்கினால், கொஞ்ச நாள் கழித்து மாமாவிடம் கேட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று நினைத்தாளாம். அதனால்தான் சின்னதே போதும் என்றாளாம்.

"இங்க என்னடி குறை உனக்கு?"

"குறையெல்லாம் இல்ல அத்தை. அவர் நின்ன இடத்துலயே நிக்கிறேன். அவர் தொப்பியையே போட்டுக்கறேன். நீங்க என்னைப் பாக்கும்போது என்னையா பாக்கறீங்க? மூச்சு முட்டுது எனக்கு."

வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தேன். வேறென்ன செய்ய.

மார்ச் 2, திங்கள்

போகட்டும். போறவளை யார் புடிச்சு வச்சா? எல்லாரும் போங்க. அவன் கேக்காம போனான், இவ கேட்டுட்டுப் போறா, அவ்வளவுதானே வித்தியாசம். ஒரு வருஷம்கூட ஆகலையே — அதுக்குள்ள குடோனாம், வண்டியாம். எனக்கு மட்டும் எந்த குடோன் காலியா இருக்கு? நான் எங்க போவேன்? குழிக்கு அந்தப் பக்கம் போகவே எனக்கு ஒரு காரணம் இல்லையே.

சாப்பாட்டை மூடி வைத்தேன். யார் சாப்பிட்டார்கள் என்று பார்க்கவில்லை.

மார்ச் 5, வியாழன்

அவள் வேலை செய்துகொண்டிருந்தாள். வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தேன். இன்று அவளையே பார்க்க வேண்டும் என்று வைராக்கியமாக உட்கார்ந்தேன்.

அவன் சுற்றுகிற இரும்பில் டூலைக் கொடுக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்வான். இவள் கடிப்பதில்லை. உதட்டை உள்ளே மடக்கிக்கொள்கிறாள். சீவி விழுகிற இரும்புச் சுருளை அவன் காலால் தள்ளுவான். இவள் கொக்கியால் இழுத்து ஓரம் கட்டுகிறாள். ஒவ்வொரு தடவை அளக்கும் முன்னும் முழங்கையால் நெற்றியைத் துடைக்கிறாள். கழுத்தெல்லாம் எண்ணெய். வயசு எவ்வளவு சின்னது. இத்தனை மாதமாக இந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை. தொப்பியைத்தான் பார்த்திருக்கிறேன்.

முப்பது வருஷம் ஓடுகிற மெஷினை நான் யாருக்கு வாங்கினேன்? ஓட்டுகிறவளுக்கா, கட்டிப் போடவா?

மார்ச் 7, சனி

கடைக்காரர் போன் செய்தார். "அம்மா, மெஷின் ஏத்தியாச்சு. கிரேனுக்கும் சொல்லியாச்சு. எங்க இறக்கணும், அட்ரஸ் சொல்லுங்க."

எங்கள் அட்ரஸ் வாய் வரை வந்தது. வரவில்லை. மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருந்தோம். கடைக்காரர், "ஹலோ, ஹலோ, லைன் இருக்கா?" என்கிறார்.

போனை மருமகளிடம் நீட்டினேன். "உங்க அக்கா வீட்டு அட்ரஸைச் சொல்லு."

அவள் வாங்கவில்லை. "அத்தை, எனக்குச் சின்னதே—"

"சின்னது எதுக்குடி? அஞ்சு வருஷத்துல பல்சக்கரம் தேஞ்சு போய், எவன்கிட்டயாவது போய் நிக்கவா? நீ எவ்வளவு காலம் ஓட்டணும். அவன் சேத்தது உனக்கும் சேத்துத்தான். சொல்லு, அந்த மனுஷன் கத்திக்கிட்டே இருக்கார்."

அவள் மாமாவைப் பார்த்தாள். இவர் கூரையைப் பார்த்தார். "கதவு நம்பரை முதல்ல சொல்லும்மா. கிரேன்காரன் தடுமாறுவான்" என்றார்.

சொன்னாள். நடுவில் அழுகை வந்து தெருப் பெயரை ரெண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

"அப்ப உங்களுக்கு மாமா?" என்று அப்புறம் கேட்டாள்.

"பழசு இருக்கே. அது எங்க கோணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்ச கோணலை வச்சு ஓட்டிக்குவேன்."

எனக்கு நெஞ்சு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

உடைத்த தரையையே அள்ளிப் போட்டு இவர் குழியை மூடினார். கொத்தனாரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் மண் தள்ளிக் கொடுத்தேன். மேலே சிமென்ட் பூசினோம். சமமாக வரவில்லை. ஒரு மேடு தெரிகிறது.

மார்ச் 14, சனி

குடோனில் குழி வெட்டிக் காங்கிரீட் போட்டாயிற்றாம். கிளம்பிவிட்டாள். ஒரு பெட்டி, ஒரு டூல் பை. தொப்பியை என்னிடம் கொடுக்க வந்தாள். "வச்சுக்கோ. இல்ல, புதுசு வாங்கிக்கோ. உன் இஷ்டம்" என்றேன். பையில் போட்டுக்கொண்டாள்.

பட்டறையில் சத்தம் இல்லை. இவர் திறக்கவில்லை. நான் இங்கேயே. சுவர்களும் இங்கேயே.

மார்ச் 19, வியாழன்

இவர் இன்று மெஷினைப் போட்டார். சின்ன வேலை ஒன்று, போல்ட்டுக்குத் தலை கடைவது. பழக்கம் விட்ட கையை உதறி உதறி வேலை செய்தார். கொடுத்து அனுப்பினதில் சாயங்காலம் வரை எதுவும் திரும்பி வரவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

பம்பு ரிப்பேர்க்காரர் ஒரு ஷாஃப்ட், நீளமான இரும்புத் தண்டு, கொண்டு வந்தார். இவர் பார்த்துவிட்டு, "இது இங்க ஆகாது. பெட் நீளம் பத்தாது. எங்க பொண்ணு பட்டறைக்கு அனுப்பு" என்றார்.

"உங்களுக்கு ஏதுண்ணே பொண்ணு?"

"இருக்கு. பெரிய மெஷின் வச்சிருக்கு."

"ஆம்பளை ஆள் யாராவது கூட இருக்காங்களா?"

"எதுக்கு, ஷாஃப்ட்டுக்கு மீசை வைக்கணுமா?"

பம்புக்காரர் சிரித்துவிட்டார். ஆனால் அவ்வளவு தூரம் கொண்டுபோக அவருக்கு ஆளில்லை. ரெண்டு பேரும் ஷாஃப்ட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நான் கொண்டு போறேன்" என்றேன்.

இவர் திரும்பிப் பார்த்தார். "பஸ் ரெண்டு மாறணும்."

"மாறிக்கறேன்."

"கனம் இருக்கும்."

"உங்களைவிடக் கம்மிதான்."

இவர் ஷாஃப்ட்டை எண்ணெய்த் துணியில் சுற்றி, தூக்கத் தோதாக நடுவில் கயிறு கட்டிக் கொடுத்தார். எங்கே எவ்வளவு கடைய வேண்டும் என்று என்னிடம் சொல்ல ஆரம்பித்தவர், "அவளே அளந்துக்குவா" என்று விட்டுவிட்டார்.

நாளைக் காலை முதல் பஸ். பையில் மாற்றுத் துணி ஒன்று வைத்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்றும் வைத்தேன்.