பேழை சிக்கிய இடம்

ஓசூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஜெசிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அப்பாவும் இங்கே சுகமாகவும், இன்று காலை நிலவரப்படி ஓரளவு உலர்ந்தும் இருக்கிறோம். நீயும் கவுகாத்தியில் சுகமாக இருக்கவும், பிரம்மபுத்திரா தன் கரைக்குள்ளேயே இருக்கவும் தினமும் ஜெபிக்கிறேன். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அறையில் ஏறக்குறைய பாதியை இடிக்க வேண்டியிருக்கிறது, அதற்கு உன் சம்மதம் வேண்டும். போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று ஸ்பீக்கரில் போடச் சொல்வார், அப்புறம் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். இது அவர் முன்னால் பேசக்கூடிய விஷயம் இல்லை, அவரைப் பற்றிய விஷயம். அதனால்தான் அவர் ஷிப்டுக்குப் போன நேரத்தில் எழுதுகிறேன்.

எல்லாம் ஞாயிறு பள்ளி ஆண்டு விழாவில் ஆரம்பித்தது. இந்த வருடம் நோவாவின் பேழை நாடகம் போடலாம் என்று போதகர் சொன்னார், பேழையை நான் செய்து தருகிறேன் என்று உன் அப்பா கையைத் தூக்கிவிட்டார். அட்டையில் வரைந்து சுவரில் ஒட்டுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவரோ கம்பெனியில் கழித்துப் போட்ட பேலட் கட்டைகளை முறையாக கேட் பாஸ் வாங்கி டெம்போவில் கொண்டுவந்து இறக்கினார். இருபது பிள்ளைகள் ஏறி நிற்க வேண்டுமே, பலமாக இருக்கட்டும், தள்ளிக்கொண்டு போக லேசாகவும் இருக்கட்டும் என்று அடியில் மூடி போட்ட நீல டிரம்களை வரிசையாகக் கட்டினார். கூரை, கதவு, கதவை இழுத்து மூடக் கயிறு, பக்கத்துக்கு ஒரு ஒட்டகச்சிவிங்கி. குவாலிட்டி சூப்பர்வைசர் கட்டிய பேழை என்பதால் ஒட்டகச்சிவிங்கிகள் இரண்டும் ஒரே உயரம். வீட்டில் இடம் இல்லாததால் தெருக்கோடியில், கால்வாய்க் கரையில் வைத்துக் கட்டினார். இது தண்ணீரில் மிதக்குமா என்று பக்கத்து வீட்டு நாராயணம்மா கேட்டதற்கு, அக்கா, இது நாடகத்துக்குங்க, மிதக்கறதுக்கு இல்ல என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அவருக்கு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

போன வியாழக்கிழமை சாயங்காலம் பிடித்த மழையில் மேலே இருக்கிற ஏரி நிரம்பி வழிந்து கோடி போய்விட்டது. நம் கால்வாயில் இவ்வளவு தண்ணீர் ஓடி நீ பார்த்திருக்க மாட்டாய், பால் கவரும் தெர்மாகோலும்தான் பார்த்திருப்பாய். அன்றைக்கு நிஜமாகவே வந்தது, தன் பழைய வழி நன்றாக ஞாபகம் இருக்கிற மாதிரி வந்தது. கரையில் இருந்த பேழையை அப்படியே தூக்கிக்கொண்டது. உன் அப்பா குடையை விரித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார், குடையை எதற்கு எடுத்துப் போனார் என்று அவருக்கே தெரியவில்லை. பேழை அவ்வளவு அழகாக மிதந்தது, ஜெசி. நாராயணம்மா வீட்டுப் பின்புறம் போகும்போது அவர்களுடைய இரண்டு கோழிகளும் நம் தெரு நாயும் அதில் ஏறிக்கொண்டன. மற்ற நாளில் அந்தக் கோழிகளைத் துரத்துவதே அந்த நாயின் முழு நேர வேலை, அன்றைக்கு மூன்றும் ஒட்டகச்சிவிங்கிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அங்கிருந்து நேராக நம் வீட்டுப் பக்கம் வந்து உன் அறைச் சுவரில் முட்டிக் குறுக்கே சிக்கி நின்றுவிட்டது. தண்ணீருக்குப் போக வழியில்லை. திரும்பித் தெருவுக்குள் வந்தது. நம் வீடு உயரம், வாசல் படியோடு தப்பித்தது. நாராயணம்மா வீட்டில் முழங்கால் வரைக்கும், கேழ்வரகு மூட்டை எல்லாம் நனைந்து போயிற்று. அந்த அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றியபடி, ஏம்மா ஜெபசீலி, உங்க கப்பல்ல எங்கூட்டுக் கோழிக்கு எடம் குடுத்தீங்களே, எனக்கும் ஒரு மூலை இருக்குதா என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றும் தெரியவில்லை. மூட்டையின் இன்னொரு பக்கத்தைப் பிடித்தேன். முந்தியெல்லாம் மழைத் தண்ணி வாசலுக்கே வராது கண்ணு, இந்த நாலு வருசமாத்தான் வருது, இன்னா பாவமோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நாலு வருடத்துக்கு முன்னால்தான் உன் அறையைக் கட்டினோம். அந்த அம்மாவுக்கு அது தோன்றவில்லை, எனக்குத் தோன்றியது.

சனிக்கிழமை உன் அப்பா தெருக்காரர்களைக் கூப்பிட்டு நம் கார் நிறுத்துமிடத்தில் மீட்டிங் போட்டார். கம்பெனியில் ஏதாவது பழுது வந்தால் ஒய்-ஒய் என்று ஒன்று செய்வார்களே, ஏன் என்று கேட்டு, வந்த பதிலுக்கும் ஏன் என்று கேட்டு, ஐந்தாவது ஏனில் வேரைப் பிடிப்பது, அதைத் தெருவுக்கும் செய்துவிடலாம் என்று. சார்ட் ஒட்டி, மார்க்கர் வைத்துக்கொண்டு, ரொம்ப உற்சாகமாக இருந்தார். தெருவில் தண்ணீர் ஏன் வந்தது, கால்வாய் அடைத்தது. ஏன் அடைத்தது, பேழை சிக்கியது. இதை எழுதும்போது கொஞ்சம் இருமினார். பேழை ஏன் சிக்கியது, கால்வாய் அந்த இடத்தில் குறுகல். மேலே பேழை தாராளமாக வந்த கால்வாய் அங்கே மட்டும் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அகலம். நான்காவது ஏனை எழுதப் போன கை அப்படியே நின்றது. எல்லோருக்கும் டீ கொண்டுவா ஜெபசீலி என்றார். டீ அப்போதுதான் குடித்து முடித்திருந்தார்கள். வெங்கட் தெரியுமில்லையா, உன் அப்பாவிடம் டிரெய்னியாக இருந்து ஒய்-ஒய் கற்றுக்கொண்ட பையன், இப்போது எதிர் வீட்டில் குடியிருக்கிறான். அவன் ரொம்ப மரியாதையாக எழுந்து, சார், இன்னும் ரெண்டு ஒய் பாக்கி இருக்குதுங்க சார் என்றான். இது ப்ரிலிமினரி ரிப்போர்ட்தான் என்று சொல்லி உன் அப்பா சார்ட்டைச் சுருட்டிவிட்டார். கூட்டத்தில் இருந்த கைக்குழந்தைகூட அவரையே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. பாரூர் ஏரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்த மனிதர், வயல் வாய்க்காலில் யாராவது ஒரு கூடை மண் தள்ளினால் பஞ்சாயத்து வரை போகிற குடும்பம். அவர்தான் உன் அறைக்குக் கயிறு பிடித்த அன்று, தண்ணியே வராத கால்வாய்க்கு எதுக்கு இவ்வளவு எடம் என்று மேஸ்திரியிடம் சொன்னார். தெருவில் எல்லோரும் கால்வாய் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சம் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள், நாம் கொஞ்சம் தாராளமாக இழுத்துவிட்டோம்.

இந்த நாட்களில் நூலகத்திலிருந்து எடுத்து வந்த வெள்ளக் கதைகளாகவே படித்துக்கொண்டிருக்கிறேன், உன் அப்பாவுக்குத் தெரியாமல், தெரிந்தால் தன்னைக் குத்திக் காட்டுகிறேன் என்பார். பழைய மெசப்பொத்தாமியாவில் ஒரு கதை, மனிதர்கள் போடுகிற சத்தத்தில் தூக்கம் வராமல் தெய்வங்கள் வெள்ளத்தை அனுப்பினார்களாம். அந்தக் கணக்குப்படி நம் சிப்காட் பக்கம் எப்போதோ கடலாகியிருக்க வேண்டும். எல்லாக் கதையிலும் ஒருவருக்கு முன்கூட்டியே செய்தி வருகிறது, அவர் படகு கட்டுகிறார். தண்ணீர் முன்பு எந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை. இதைப் படித்தபோது எனக்கு உன் அப்பாதான் ஞாபகம் வந்தார். இப்போது எனக்குப் பிடித்திருப்பது இந்துக்கள் சொல்கிற மீன் கதை. ராஜா கையில் ஒரு சின்ன மீன் வருகிறது, இடம் கொடு என்கிறது. குடத்தில் விடுகிறார், அது போதவில்லை. குளத்தில், ஆற்றில், கடைசியில் கடலில். அந்த மீன்தான் பிறகு வெள்ளத்தில் அவருடைய படகை இழுத்துப் போகிறது. அவர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, கேட்கக் கேட்க இடம் கொடுத்தார், அவ்வளவுதான். பூமியைக் குணப்படுத்துவது என்று நீ சேர்ந்திருக்கிற சுற்றுச்சூழல் படிப்பில் பெரிய பெரிய வார்த்தைகள் வைத்திருப்பீர்கள். நம் வீட்டளவில் அது உன் அறையின் எட்டடிச் சுவராக வந்து நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நாடகம் நடந்தது. பேழையைக் கயிறு கட்டி வெளியே இழுத்ததில் கூரை போய்விட்டது, ஒரு ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்தும் போய்விட்டது, அதைக் குதிரை என்று அறிவித்தார்கள். கோழிகளை இறக்கிக் கொடுத்த நன்றிக்கு நாராயணம்மாவும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பேழையில் பிள்ளைகள் ஏறினார்கள், மேடைக்குப் பக்கத்தில் மறைந்து நின்று உன் அப்பா கயிற்றை இழுத்துக் கதவை மூடினார். வெளியே நின்ற பிள்ளைகள் ஐயோ ஐயோ என்று கையை ஆட்டினார்கள். அப்போது நாராயணம்மா, கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி, அந்தப் பக்கத்து ஊட்டு ஜனம் என்னா ஆவறது, அவங்களுக்கு யாரும் ஒண்ணும் செய்யலயா என்றார். எல்லோரும் சிரித்தார்கள். போதகரே சிரித்தார். கயிற்றைப் பிடித்திருந்த கை மட்டும் எனக்குத் தெரிந்தது, அது கதவை மறுபடியும் திறந்துவிட்டது. வெளியே இருந்த பிள்ளைகள் சந்தோஷமாக உள்ளே ஓடிவிட்டார்கள், மூழ்குவதற்கு ஒருவரும் மிச்சமில்லை, நாடகம் பத்து நிமிடம் முன்னதாகவே முடிந்தது.

அன்று மத்தியானம் பிரியாணியைக்கூடச் சரியாகச் சாப்பிடாமல் உன் அறைக்குள் போய்ச் சாக்பீஸால் தரையில் ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு அந்தப் பக்கம் கால்வாய்க்கு, இந்தப் பக்கம் உனக்கு. நான் அளந்து பார்த்தேன், உன் கட்டில் வரும், மேஜை வரும், இரண்டும் ஒரே நேரத்தில் வராது. ஜெசியைக் கேக்காம ஒரு செங்கல்கூட எடுக்க மாட்டேன், அவளுக்குன்னு கட்டுனது என்று சொல்லியிருக்கிறார். நீ வேண்டாம் என்று சொல்வாய் என்ற நம்பிக்கை அவருக்குக் கொஞ்சம் இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். பத்தாவது முடித்த உனக்குத் தனி அறை கட்டிக் கொடுத்த அன்று அவர் தெருவில் நடந்த நடை உனக்கு ஞாபகம் இருக்கும். அதனால் நீ சரி என்று மட்டும் எழுதினால் போதாது, எனக்குச் சின்ன அறைதான் பிடிக்கும் என்றும் சேர்த்து எழுது. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை, நான் உனக்காக ஜெபம் பண்ணிக்கொள்கிறேன். உன்னைப் பெற்றபோது எனக்கு இப்போதைய உன் வயதுதான், நாம் இருவரும் ஒரே அறையில் ஒரே பாயில்தானே வளர்ந்தோம். லீவுக்கு வரும்போது என்னோடு படுத்துக்கொள், அப்பா ஹாலில் படுக்கட்டும்.

தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு. அங்கே ஆற்றுப் பக்கம் தனியாகப் போகாதே, போனாலும் அது நகர வேண்டிய இடத்தில் நிற்காதே. கர்த்தர் உன்னைக் காத்து, உன் படிப்பை ஆசீர்வதிப்பாராக. பதிலை மட்டும் சீக்கிரம் போடு. நேற்று சாயங்காலம் உன் ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றிப் போர்வையில் சுற்றி எங்கள் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறார். வேலையை ஆரம்பித்துவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை, சும்மா துடைக்கக் கழற்றினேன் என்றார். ஜன்னல் இருந்த இடத்தில் நாராயணம்மாவின் முகம் தெரிந்தது. இவரைக் கூப்பிட்டு, தம்பி, மீதி ரெண்டு ஒய்யும் போட்டுட்டீங்களா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

என்றும் உன் அன்பு அம்மா,
ஜெபசீலி எட்சன்