இங்கே சொந்தக்காரர் யாராவது உண்டா?

பிப்ரவரி 6

அன்புள்ள உனக்கு,

போனில் பேசினால் நமக்குச் சண்டைதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன். உங்கள் பல்கலைக்கழகத்தில் இந்த முறையும் எனக்கு விரிவுரையாளர் வேலை இல்லை. துறைத் தலைவர் யாரென்று உனக்குத் தெரியும். என் குறிப்புகளை இரவல் வாங்கித் தேறியவன். இன்று எனக்கு வயது கூடிவிட்டது என்கிறான். அவனுக்கு மட்டும் குறைந்துகொண்டா வருகிறது?

நீ அனுப்பிய இன்னொரு விளம்பரத்தையும் பார்த்தேன். லெக்சர் ஹால் உதவியாளர். கதவைத் திறந்து, பலகையைத் துடைத்து, மைக்கைச் சரிபார்க்க வேண்டுமாம். அவன் பேச, நான் மைக் வைக்க வேண்டுமா? நன்றாக யோசித்தாய்.

பக்கத்து வீட்டுக்காரர் நேற்றும் வயிற்றுவலிக்கு மாத்திரை கேட்டு வந்தார்.

இப்படிக்கு,
டாக்டர்

பிப்ரவரி 15

என்னங்க டாக்டர்,

உங்க கோபம் பத்திரமா வந்து சேர்ந்தது. மாத்திரை மட்டும் கொடுத்துடாதீங்க. முனைவர் பட்டமெல்லாம் போலீசுக்குப் புரியாது.

எங்க வேலைவாய்ப்புப் பக்கத்துல மேலே கற்பித்தல், கீழே உதவிப் பணின்னு ரெண்டு பகுதி. இத்தனை வருஷமா நீங்க மேலே இருக்கிறதை மட்டும் படிச்சுட்டு மூடிடறீங்க. கீழே இருக்கிற வேலையிலதான் நான் இருக்கேன்.

இங்கே என் வீட்டுல ஒரு அறை சும்மா கிடக்கு. சாப்பிடும்போது எதிர் நாற்காலியைப் பார்த்துக்கிட்டே சாப்பிடறேன். வாங்க. நேர்காணல்ல குறிப்பெடுக்கிறது நான்தான். "இங்கே சொந்தக்காரர் யாராவது வேலை செய்யறாங்களா?"ன்னு கேப்பாங்க. "ஆமாம், என் மனைவி"ன்னு சொல்லிடுங்க. நான் எழுந்து வெளியே போயிடுவேன், வேற ஆள் வந்து எழுதுவார். விதி அவ்வளவுதான்.

உங்கள்,
நான்

மார்ச் 11

அன்புள்ள உனக்கு,

நேர்காணலில் அந்தத் துறைத் தலைவனும் இருப்பான் என்று நீ எழுதவில்லை. "என்ன சார், இந்தப் பக்கம்?" என்று சிரித்தானே, கேட்டாயா? மூலையில் குறிப்பெடுக்கிறவள் என் மனைவி என்று அவனிடம் எப்படிச் சொல்வது? பெண்டாட்டி சிபாரிசில் வந்தான் என்று ஊரெல்லாம் பரப்புவான். அதனால்தான் "யாரும் இல்லை" என்றேன். நீ பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாய். பிறகு எழுதிக்கொண்டாய். நீயும்தான் வாயைத் திறக்கவில்லை.

வேலை கிடைத்தால் உன் வீட்டில் சும்மா கிடக்கும் அறையை ஒழித்து வை. என் புத்தகங்களுக்கு இடம் வேண்டும்.

டாக்டர்

மார்ச் 20

வணக்கம்.

வேலை உங்களுக்குத்தான். நான் வாயைத் திறந்திருந்தால் அவர் முன்னால் நீங்கள் பொய்யர் ஆகியிருப்பீர்கள். அதனால் நீங்கள் சொன்னதை அப்படியே எழுதினேன். இனி மாற்றினால் இருவர் வேலையும் போகும். ஒரே வீட்டிலிருந்து இருவரும் கிளம்பி வரவும் முடியாது. அறையை அலுவலகத் தட்டச்சருக்கு வாடகைக்கு விட்டுவிட்டேன். நல்ல பெண், நிறையப் பேசுகிறாள்.

விரிவுரை மண்டபச் சாவியைக் காலையில் என் மேஜையில் வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
குறிப்பெடுக்கிறவள்

ஏப்ரல் 2

அன்புள்ள உனக்கு,

சாவிக்கு வந்தபோது, "பேர் என்ன சார்?" என்று கேட்டாய். சொன்னேன். "கடைசி மண்டபத்துக் கதவு இறுக்கம், தள்ளித் திறங்க" என்றாய். தள்ளித்தான் திறந்தேன்.

மைக்கைச் சோதிக்க எதையாவது பேச வேண்டும். காலி நாற்காலிகளைப் பார்த்து, "இங்கே என் மனைவி வேலை செய்கிறாள்" என்றேன். கடைசி வரிசையில் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லா கேக்குது சார்" என்றார்.

உன்,
டாக்டர்