அப்பாவின் அடக்க வீடியோ

மஸ்கட், 12.2.2012

அன்புள்ள அம்மாவுக்கு லிஜின் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் சுகம். அம்மாவுக்குக் கால் வீக்கம் வத்திச்சா? அப்பா இல்லைன்னு ராத்திரிச் சோறு பொங்காம இருக்கண்டாம்.

லீவு கிடைக்காம அடக்கத்துக்கு நான் வரல்ல. வெளிநாட்டில் இருக்கப்பட்ட பிள்ளைகளுக்குன்னு ஸ்டுடியோக்காரர் எடுத்த வீடியோவை நெட்டில் போட்டாருல்லா, அதைப் பாக்கப் போய் ஒரு கூத்து. பச்சையில் பெருசா மின்னின டவுன்லோடு பட்டனை அமுக்கிட்டேன். அது கள்ள பட்டன். அதிலிருந்து வீடியோவைத் தொட்டாலே வேற பக்கத்துக்கு இழுத்துட்டுப் போவும். கார் பரிசு விழுந்திருக்குன்னு ஒண்ணு, உடம்பு மெலிய மருந்துன்னு ஒண்ணு. டியூட்டி முடிஞ்சு வந்து அதுகளை மூடிக்கிட்டே இருந்தேன். போனில் அம்மா "பாத்தியா மக்கா?"ன்னு கேக்கும்போதெல்லாம் நெட்டு சரியில்லைன்னு சொன்னது பொய்யில்ல.

மூடினா போவாதுன்னு நேத்துதான் மனசிலாச்சு. கம்ப்யூட்டரில் நான் அறியாம ஏறின புரோகிராமைக் கண்ட்ரோல் பேனலில் போய் அழிச்சேன். பிரவுசரில் ஒட்டிக்கிட்டு இருந்ததையும் எடுத்துப் போட்டேன். தங்கச்சி அபினாட்டயும் சொல்லணும், மின்னுத பட்டனைத் தொடண்டாம்.

இப்போ வீடியோ நேரா வருது. சவப்பெட்டியில் அப்பா முகம் நிக்குது. இடையில் ஒண்ணும் வரல்ல. நான் இன்னும் ஓடவிடல்ல.

ஒரு காரியம். அபினாவுக்க கல்யாண கேசட்டில் அப்பா பந்தியில் சோறு போட்டுட்டு நிப்பாரே, அதை மட்டும் சிடியில் ஏத்தி, ஊரிலிருந்து வாற ஆள் கையில் குடுத்துவிடணும். கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கு.

அதுன்னா நான் பாப்பேன்.

அம்மாவுக்க மவன்
லிஜின்